ஐம்பத்தைந்து மில்லிமீட்டர்

ஜனவரிக் கடைசிக்குள் கைலாசபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பணி ஓய்வு பெற்றாயிற்று. ஸ்ரீரங்கத்தில் வாங்கிய ஃப்ளாட்டுக்குப் போகிறோம். அங்கே கோபுர விளக்குகளுக்கு நடுவில் நட்சத்திரம் தேடுவது வீண் வேலை. அதற்குள் ஆண்ட்ரமீடா விண்மீன் மண்டலத்தை முழுசாக ஒரே படத்தில் எடுத்துவிட வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை. என் தொலைநோக்கியில் அதன் நடுப்பகுதி மட்டும்தான் அடங்கும்.

அதற்காக வாங்கியதுதான் ஃபோகல் ரெட்யூசர். தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் இடையில் பொருத்தும் கண்ணாடி அது. காட்சியைச் சுருக்கி, அதிக வானத்தைப் படத்துக்குள் கொண்டுவரும். ஒரே நிபந்தனை, கேமராவிலிருந்து ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கத் தொழிற்சாலையில் அளவு சரிபார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? இடைவெளிக்கான வளையங்களைக் கோத்து, வெர்னியர் அளவுகோலால் அளந்து மாட்டினேன்.

படத்தின் நடுவில் நட்சத்திரங்கள் புள்ளியாக விழுந்தன. ஓரங்களிலோ மழையில் நனைந்த கோலம் மாதிரி இழுபட்டுக் கிடந்தன. இடைவெளி போதவில்லை என்று மெல்லிய தகடு ஒன்றைச் செருகினேன். எங்கள் தொழிற்சாலையில் அதுதான் பழக்கம். சீவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் முதலில் சேர்த்துத்தான் பார்ப்போம். சேர்க்கச் சேர்க்க இன்னும் மோசமானது. சாயங்காலம் ஆனால் எல்லாவற்றையும் மொட்டைமாடிக்குத் தூக்குவது, பிறகு இறக்குவது என்று முழங்கால் விட்டுப்போயிற்று. மனைவி ஒரு கை பிடிப்பாள். வீட்டு சாமான்களை அட்டைப்பெட்டிகளில் அடைப்பதும் அவள்தான். "இதையும் கட்டிடலாங்க" என்று தினமும் சொல்வாள். எனக்கு எரிச்சலாக வரும்.

டெம்போ வருவதற்கு முந்தின நாள் பகலில், கேமராவின் மூடியைக் கழற்றிச் சும்மா உள்ளே பார்த்தேன். சென்சார் நன்றாக உள்ளே தள்ளி இருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். நான் அளந்தது கேமராவின் வாய் விளிம்பு வரை. தொழிற்சாலையில் குழாயை இணைக்கும்போது முகத்துக்கு முகம், அதாவது விளிம்புக்கு விளிம்புதான் அளப்போம். கை தன்பாட்டுக்கு அதையே செய்திருக்கிறது. இங்கே படம் விழும் சென்சார் வரை அளந்திருக்க வேண்டும். அந்த ஆழத்துக்குச் சமமான வளையத்தைக் கழற்றினேன், தகடுகளையும் உருவிப்போட்டேன்.

இருட்டியதும் எடுத்த முதல் படத்தில், மூலை வரை நட்சத்திரங்கள் உருண்டையாக இருந்தன. ஆண்ட்ரமீடா முழுசாக இருந்தது, ஆனால் மங்கலாக. இப்படி நிறையப் படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்தால்தான் தெளிவு வரும். இரண்டாவது படமே கலங்கிவிட்டது. பனி இறங்கி லென்ஸ் வேர்த்திருந்தது. அதைச் சூடாக்கும் பட்டை, கட்டிவைத்த பெட்டிகளில் எதிலோ போய்விட்டது. சொன்னதும் மனைவி கீழே போனாள். எனக்குத் துக்கம்கூட வரவில்லை, அலுப்பு மட்டும்தான். படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கீழே இறங்கியபோது, ஹால் நடுவில் அவள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க ஒட்டிய டேப்பை ஒவ்வொரு பெட்டியாக வெட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பாத்திரமும் துணியும் இறைந்து கிடந்தன.

"விடும்மா. ஒரு படம் வந்துச்சுல்ல, போதும்" என்றேன்.

"உங்களுக்குப் போதும். எனக்குப் போதலைங்க" என்றாள், நிமிராமலே.

எதிரே உட்கார்ந்து, அடுத்த பெட்டியை இழுத்தேன்.