அமெரிக்கக்காரரின் ஊரும் என் பாயும்

அந்த அமெரிக்கக்காரரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டுதான் வரும். இத்தாலியில், பலேர்மோவில் நான் தங்கி வீட்டுவேலை செய்த வீட்டுக்காரிக்கு, நான் சின்னோரா என்று கூப்பிடுகிறவளுக்கு, அவர் பெரியப்பா மகன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில் வந்து இறங்கினார். அவருக்காக ஸ்ஃபெர்ராகவால்லோ மீன்துறையிலிருந்து சிப்பியும் கணவாயும் வாங்கி வந்து நான்தான் சமைத்தேன். சிப்பியை ஓட்டோடு உறிஞ்சுவார். நாடியில் எண்ணெய் வடிய வடியக் கதைப்பார். கதை எப்போதும் ஒன்றுதான்: பென்சில்வேனியாவில் இருந்த அவருடைய குட்டி ஊர்.

அந்த ஊரின் சரித்திரம் எனக்கு வேண்டாமலே பாடமாகிவிட்டது. முதலில் ஜெர்மன்காரர் நாலைந்து குடும்பம். பிறகு நிலக்கரி அகப்பட்டது. தோண்ட ஆள் வேண்டுமென்று பலேர்மோ துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகச் சிசிலிக்காரரை ஏற்றினார்கள். ஊர் வீங்கியது. சுரங்கம் மூடியதும் வற்றியது. இப்போது பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட, வெறும் வீடுகளில் மெக்சிக்கோக்காரர் குடியிருக்கிறார்களாம். அவர்களை ஊர்ச்சனத்தில் சேர்ப்பதில்லை என்று விளக்கினார். மேசையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள்.

எனக்கு வேறு கவலை. மனைவியும் மகளும் ஊர்ச் சண்டைக்குத் தப்பி வந்து கொழும்பில் ஒரு லொட்ஜில் முடங்கிக் கிடந்தார்கள். அவர்களைக் கூப்பிட எனக்குப் பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதி மட்டும் போதாது. இன்ன விலாசத்தில் வசிக்கிறேன் என்று நகரசபை என்னைப் பதிய வேண்டும். மனுப் போட்டிருந்தேன். நகரசபைக் காவலர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார். இவன் இங்கேதான் இருக்கிறான் என்று சின்னோரா ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்தது. சொல்வதாக அவள் வாக்கும் தந்திருந்தாள்.

ஒரு மத்தியானச் சாப்பாட்டில் அமெரிக்கக்காரர் தன் தகப்பனின் கதையை எடுத்தார். அந்த ஊருக்குப் போன புதிதில் யன்னல் இல்லாத அறையில் பத்துப் பன்னிரண்டு பேரோடு படுத்தாராம், கரித்தூளிலும் மூட்டைப்பூச்சியிலும். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. ஒரு மனுசனை அப்படிப் படுக்க வைத்தவன் மனுசனா என்று கேட்டார். சின்னோரா நெஞ்சில் கை வைத்து, மிருகங்கள், மிருகங்கள் என்றாள். நான் சிப்பி ஓடுகளை அள்ளிக்கொண்டு நின்றேன். நான் படுப்பது குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறையில். அதற்கும் யன்னல் கிடையாது.

அந்த நேரம் பார்த்துத்தான் காவலர் மணியடித்தார்.

சின்னோரா காவலரைப் பார்த்தாள். அமெரிக்கக்காரரைப் பார்த்தாள். இவன் பகலில் வேலைக்கு வருகிறவன், பின்னேரம் போய்விடுவான் என்றாள். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

நான் விடவில்லை. காவலரைக் கூட்டிப்போய்ச் சாமான் அறையைத் திறந்து காட்டினேன். வெங்காயச் சாக்கு, தண்ணீர்ப் போத்தல்கள், மூலையில் என் சூட்கேஸ், அதன்மேல் சுருட்டி வைத்த பாய். கட்டில் எங்கே என்று அவர் கேட்டார். விடிந்த பிறகும் விரித்த பாய் கிடந்தால் வீட்டுக்கு மூதேவி என்று வளர்ந்தவன் நான். வெள்ளென எழும்பி, பாயைச் சுருட்டி, கூட்டித் துடைத்துவிட்டுத்தான் தேத்தண்ணியே குடிப்பேன். மனுசர் படுத்த அடையாளம் அந்த அறையில் மருந்துக்கும் இல்லை. இதுதான் என் படுக்கை என்று சொல்லிப் பாயை விரிக்கப் போனேன். பின்னால் வந்து நின்ற சின்னோரா சிரித்தாள்.

"அது நாங்கள் கடற்கரைக்குக் கொண்டுபோற பாய்" என்றாள்.

காவலரும் சிரித்தார். எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். அமெரிக்கக்காரர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அவருடைய தகப்பனின் பெயரை ஊர் மண்டபத்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்களாம், ஊரை உண்டாக்கியவர்களில் ஒருவர் என்று. வாய் நிறையக் கணவாய். அந்த முகத்தைப் பார்க்கவே அருவருத்தது. சின்னோரா கோப்பி கொண்டுவரச் சொன்னாள். கொண்டுபோய் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லொட்ஜுக்கு ரெலிபோன் எடுத்தேன். நான் இங்கே இருப்பதாக நகரசபை பதியவில்லை, இந்த வருசம் கூப்பிட முடியாது என்று மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. அன்று விடியவும் லொட்ஜுக்குப் பொலிஸ் வந்து, அங்கே இருந்த ஒவ்வொரு தமிழரின் பெயரையும் எழுதிக்கொண்டு போயிருந்தது.

"இஞ்சை எங்களைப் பதியாமல் ஒருநாளும் விடுறாங்களில்லை" என்றாள். "அங்கை எப்பிடியப்பா உங்களை மட்டும் விட்டவங்கள்?"