ஒரு டின்பால் தகரம் தண்ணீர்

நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. தேயிலைத் தோட்டக் கூலிகளான எங்களுக்கு இருந்த ஓட்டு போனது. அதற்குச் சில வருஷம் கழித்து என் இடது பக்கத்துச் சிறுநீரகமும் போனது. முதல் இரண்டுக்கும் என்னை யாரும் கேட்கவில்லை. மூன்றாவதற்கு மட்டும் ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுத்தார்கள். கல் அடைத்துச் சீழ் பிடித்துவிட்டது, எடுக்காவிட்டால் ஆளே மிஞ்சமாட்டாய் என்றார்கள். எடுங்கள் என்றேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் சிங்களத்தில் புத்தி சொன்னார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், மூத்திரத்தை அடக்கவே கூடாது, காய்ச்சல் கண்டால் உடனே வர வேண்டும். கவனமாகப் பார்த்துக்கொண்டால் மிச்சமிருக்கும் ஒன்றே ஆயுள் முழுக்கப் போதும். நர்ஸ் அதை எனக்குத் தமிழில் சொன்னாள். அவள் சொல்வதற்கு முன்பே "ஹரி மாத்தயா, ஹரி மாத்தயா" என்று அவர் பாஷையிலேயே சரி போட்டு, பெரிய மனிதர்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தவர், என்னைக் கூட்டிப்போக வந்த பெரிய மச்சான். என் வீட்டுக்காரரின் அண்ணன்.

அவர் எங்கள் தோட்டத்தில் கான் வெட்டும் ஆட்களுக்குக் கங்காணி. மழைத் தண்ணீர் வடிய மலையில் குறுக்கே கான் வெட்டாவிட்டால் தேயிலையும் மண்ணும் சேர்ந்து பள்ளத்துக்கு வந்துவிடும். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை, அதை மறுக்கமாட்டேன். வினை என்னவென்றால், உலகத்தில் உள்ள எல்லாமே அவருக்குக் கானாகத்தான் தெரியும்.

ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்ததும் என் மாமியாரையும் வீட்டுக்காரரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"ரெண்டு கான் இருந்துச்சு. ஒன்ன அடைச்சாச்சு. அப்ப மேல இருந்து வர்ற தண்ணியக் கொறைக்கணுமா கூட்டணுமா? கூட்டுனா மலையே சரிஞ்சிரும்ல?"

"டாக்டர் நெறையக் குடிக்கச் சொன்னாருங்க மச்சான்" என்றேன்.

"டாக்டர் கான் வெட்டியிருக்காரா?"

என் வீட்டுக்காரர் பூமியைப் பார்த்தார். அண்ணன் வாயைத் திறந்தால் அவர் பூமியைப் பார்ப்பார். கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பழகிப்போன காட்சி. மாமியார் ஒரு காலி டின்பால் தகரத்தைக் கழுவி அடுப்பு ஓரத்தில் வைத்தார். காலையில் அதில் ஒன்று, மாலையில் ஒன்று. தேத்தண்ணியும் அதற்குள்தான். பக்கத்துக் காம்பிராக்களில் இருந்தவர்கள் வந்து பார்த்து, மாமியார் மருமகளை என்ன பொறுப்பாகப் பார்க்கிறாள் என்று மெச்சிவிட்டுப் போனார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தவளை யாரும் மெச்சவில்லை.

சில நாளில் மூத்திரம் கறுத்தது, எரிந்தது. அப்புறம் குளிர்காய்ச்சல். கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தபோது பெரிய மச்சான் வாசலில் நின்று, "பாத்தியா, அந்த ரெண்டு தகரமே அவளுக்குக் கூடிப்போச்சு" என்றார். அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு லயத்துக்குக் கீழே இருந்த பீலிக்குப் போனேன். மலை ஊற்று குழாய் வழியாகக் கொட்டும் அந்த இடத்தில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் வாயை நீட்டி, வயிறு முட்டக் குடித்தேன். மாமியார் மேலேயிருந்து தலையில் அடித்துக்கொண்டு அலறினார். மறுநாளும் போய்க் குடித்துவிட்டு, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கி வந்தேன். மலை சரியவில்லை.

திரும்பக் கொழுந்து பறிக்கப் போனபோது கொழுந்து மலையில் இன்னொரு கூத்து. நாள் முழுக்க மூத்திரத்தை அடக்குவதுதான் எங்கள் பெண்களுக்கு ஒழுக்கம். நான் செடி மறைவில் ஒதுங்கும்போதெல்லாம் "ஒத்தக்கான் போகுதுடி" என்று சிரிப்பார்கள். சிரித்துக்கொள்ளட்டும். அடக்கி அடக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அவர்கள்தானே ஒழிய நானில்லை.

வருஷங்கள் போயின. பெரிய மச்சானுக்குக் கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது. நாலு அடி நடந்தால் மூச்சு இரைத்தது. இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன, இனிச் செய்வதற்கு அதிகமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் அட்டன் டவுன் முஸ்லிம் நானா கடையில் கருவாடு சுற்றித் தந்த பேப்பர் ஒன்று வீட்டுக்கு வந்தது. வெளிநாட்டில் ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து இன்னொருவருக்கு வைத்தார்களாம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பதால் என்னையே வாசிக்கச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டவர் பிறகு எப்படி இருந்தார், கொடுத்தவர் எப்படி இருந்தார் என்ற பகுதி கருவாட்டு எண்ணெயில் ஊறிக் கிழிந்துபோயிருந்தது. பெரிய மச்சான் அதைத் தானே பூர்த்தி செய்துகொண்டார்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் இருப்பாய்ங்க" என்றவர், என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒனக்கு ரெண்டு இருக்கு. ஒன்னு போதும்டா. ஒம் பொஞ்சாதியப் பாரு. ஒத்தைய வச்சுக்கிட்டு எந்த மலை ஏறல? என்ன கொறஞ்சு போச்சு?"

எனக்குச் சிரிப்பதா, அடுப்புக் கட்டையை எடுப்பதா என்று தெரியவில்லை.

"அன்னிக்கு மலை சரியும்னீங்களே மச்சான்?"

"அது அப்ப" என்றார். கூச்சநாச்சமே இல்லை.

மாமியார், இரண்டும் தன் வயிற்றில் பிறந்ததுதானே, ஒன்று மற்றதற்குக் கொடுத்தால் என்ன என்று அழுதார். என் வீட்டுக்காரர் பூமியைப் பார்த்தார். "அண்ணன் கேக்குது..." என்று இழுத்தார். சம்மதித்துவிடுவார் இந்த மனுசன். கொடுக்கிறவனுக்கு என்ன ஆகும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை.

"வெட்டிக் குடுத்துட்டு வந்தா இவர யாரு பாத்துக்குவா? டின்பால் தகரமா?" என்று கேட்டேன். மாமியார் அழுகையை நிறுத்திவிட்டு என்னை முறைத்தார்.

எல்லோருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். இப்போது இருந்தவர் வேறு டாக்டர். அண்ணன் மூச்சு வாங்கியதால், தன் சிறுநீரகத்தை எடுப்பார்களா என்று என் வீட்டுக்காரரே சிங்களத்தில் கேட்க வேண்டியதாயிற்று. டாக்டர் கேலி செய்யவில்லை. அது இந்த நாட்டில் இன்னும் செய்யப்படுவதில்லை என்றார். செய்கிற இடத்திலும், அடுத்தவருடையதை உடம்பு தன்னுடையதாக ஏற்பதில்லை, தள்ளிவிடுகிறது, பலர் நெடுநாள் தாங்கவில்லை. நோயே இல்லாத ஒருவரைக் கிழிப்பதும் சின்ன விஷயமல்ல. கொடுத்தவரையும் நோயாளியைப்போல வைத்துப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் என் வீட்டுக்காரர் அண்ணனுக்கு ஒரே வார்த்தையில் சொன்னார்: "நடக்காதாம்ணே."

பிறகு டாக்டர் பெரிய மச்சானுக்குப் பத்தியம் சொன்னார். உப்பு கூடாது. தண்ணீரை அளந்து கொடுக்க வேண்டும், கூடினால் நெஞ்சில் சேர்ந்து மூச்சு முட்டும். எவ்வளவு என்பதை மேசையில் இருந்த கோப்பையில் காட்டினார். கிட்டத்தட்ட இரண்டு டின்பால் தகரம்.

வீட்டில் அந்த அளவை யாரும் மதிக்கவில்லை. அவர் கெஞ்சினால் மாமியார் ஒரு வாய் கொடுப்பார், அவர் பெண்சாதி ஒரு வாய் கொடுப்பாள். வீக்கம் ஏறி அவர் உட்கார்ந்தே தூங்கும் நிலை வந்ததும் தகரம் என் கைக்கு வந்தது. டாக்டர் காட்டிய அளவுக்கு நிரப்புவேன். ஒரு சொட்டு கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"பழி வாங்குறியா புள்ள?" என்று ஒருநாள் கேட்டார். உதடு வெடித்திருந்தது. அந்தத் தாகம் எப்படி இருக்கும் என்று அந்த லயத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். பழி வாங்குவதாயிருந்தால் கேட்டபோதெல்லாம் கொடுத்திருப்பேன் என்ற சொல் வாய்வரை வந்து நின்றது. பாவமாக இருந்தது, அதுவும் எனக்கே எரிச்சலாக இருந்தது.

அடைமழையில் அவர் போய்விட்டார். அவரைப் புதைத்துவிட்டுக் குழிமேட்டிலிருந்து எல்லோரும் பீலிக்கு வந்து குளித்து நின்றபோது மாமியார் ஊருக்கே கேட்கக் கத்தினார்: "கடைசிக் காலத்துல எம் புள்ளைக்கு வாய்நெறையத் தண்ணி குடுக்காத பாவி!"

கொழுந்து மலையில் சிரித்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் முதல்தடவையாகப் பூமியைப் பார்க்கவில்லை. செம்பைப் பீலியில் பிடித்து நிரப்பி, தன் தாயின் எதிரிலேயே என் கையில் கொடுத்தார்.

"குடி. ஒனக்கு டாக்டர் சொன்னத நாங்க அன்னிக்கே கேட்டிருக்கணும்."

குடித்தேன். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. நான் கம்பளிக்குள் கிடந்தபோது அது வந்திருக்கலாம்.