உப்பளத்துக்குப் போன வெப்பமானி

புத்தளத்தில், களப்பு என்கிற கடலேரியின் ஓரத்தில், நான் விஞ்ஞானம் படிப்பித்த பாடசாலைக்குத் தகரக் கூரை. ஏப்ரலில் பத்து மணிக்கெல்லாம் வகுப்பு தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல ஆகிவிடும். பிள்ளைகளின் முகங்கள் மெல்ல அசையும். என் குரலே எனக்குத் தூரத்தில் கேட்கும். யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, அப்படியொரு வகுப்பில்தான் காலநிலை மாற்றம் பற்றிப் பாடம் நடத்தினேன். உலகம் சூடாகி வருகிறது, கடும் வெப்பத்தில் மனிதருக்குப் பேச்சுக் குழறும், உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைக்க வேண்டும் என்றேன்.

கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவி எழும்பினாள். அவளுடைய தாய் உப்பளத்தில் வேலை செய்பவர்.

“டீச்சர், எங்கட உம்மா நல்லா வெயில் எறிக்கோணும் எண்டு அல்லாட்ட துஆ கேக்குறா. வெயில் இருந்தாத்தான் உப்பு விளையும். அது பிழையா?”

“சனிக்கிழமை வெப்பமானியோட வாறன் மகள். அங்கத்த வெயில அளந்து பாப்பம்” என்றேன்.

சனிக்கிழமை அவளும் நானும் போனோம். உப்புப் பாத்திகளின் தண்ணீரில் வானம் அப்படியே கிடந்தது. பெண்கள் வானத்தின் மேல் நடந்து உப்பை வாரிக் குவிப்பது போலிருந்தது. தூரத்தில் கரையும் களப்பும் உருகி ஒன்றாய் ஆடின. வெப்பமானியை நிழலில் வைத்துத்தான் அளக்க வேண்டும். பக்கத்தில் நிழலே இல்லை. என் குடைக்குள் பிடித்தோம்.

அவளுடைய தாய் எங்களை நோக்கி வந்தார். சிரித்தபடி ஏதோ சொன்னார். பகிடி விடுகிறார் என்று நானும் சிரித்தேன்.

“டீச்சர், உம்மாட கதை குழறுது!” என்று மகள் கத்தினாள்.

தாய் முழங்காலில் விழுந்தார். பாடம் சொல்லிக்கொடுத்த நான் கனவில் நிற்பவள் போல நின்றேன். மகள்தான் ஓடினாள், மற்றப் பெண்களைக் கூப்பிட்டாள். தூரத்து ஓலைக் கொட்டிலுக்குத் தூக்கிப்போய், குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் உடுப்பில் ஊற்றி, சாக்கால் விசிறினார்கள். பிறகு த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்கு.

பின்னேரம் அவருக்கு நினைவு தெளிந்தது. “வெயில நான் இனியும் துஆவில கேப்பன் டீச்சர். ஆனா நடுப்பகல்ல அதுக்குள்ள நிக்க மாட்டன்” என்றார்.

அடுத்த கிழமையிலிருந்து அந்தப் பெண்கள் விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு வேலைக்கு இறங்கி, நடுப்பகலில் நிறுத்தினார்கள். முதலாளி முதலில் முணுமுணுத்தார். அந்த மாணவி நேரே போய், உம்மா விழுந்ததையும் பக்கத்தில் நிழலே இல்லாததையும் அவரிடம் சொன்னாள். பாத்திகளின் நடுவில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு நிழல் பந்தல் எழும்பியது.