குவாங்சோவின் பின்வாசல்கள்

ஒரு ஹோட்டலில் உண்மை தெரிய வேண்டுமென்றால் பின்வாசலால் போக வேண்டும் என்பது என் அம்மாவின் அசைக்க முடியாத நம்பிக்கை. முன்வாசலில் கோட்டும் சூட்டுமாக நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார்கள் என்பார். சுவிற்சர்லாந்தின் துன் நகரத்தில், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவு செய்தவர் அவர். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அந்த நம்பிக்கையையும் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் சீனாவுக்குப் போனார்.

சும்மா போகவில்லை. சுவிஸ் ஓய்வூதியக்காரர்கள் நிறைந்த ஒரு சுற்றுலாக் குழுவோடு போனார்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் வருவதற்காகப் புறப்பட்டு மாதக்கணக்காகியிருந்தது. காசு வாங்கிக்கொண்டு களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவரையும் வேறு சில பெடியன்களையும் சீனாவில் குவாங்சோ என்ற பெரிய நகரத்தில் கொண்டுபோய் வைத்திருந்தான். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு அங்கிருந்து தொலைபேசி வந்தது. பாதி இரைச்சல், பாதி மாமா.

"அக்கா, எனக்குக் காய்ச்சல் எண்டு மற்றவங்களைக் கூட்டிக்கொண்டு போயிட்டான். பாஸ்போர்ட்டும் அவனிட்டைதான். கீழ முழுக்கக் கருவாட்டுக் கடையள். மூக்கைப் பொத்திக்கொண்டு படுக்கிறன்." சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை, தொடர்பு அறுந்துவிட்டது. பிறகு அழைப்பு வரவேயில்லை.

தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அம்மா. தொலைபேசிக்குப் பக்கத்திலேயே படுத்தார். பிறகு ஒரு நாள், வேலையால் வரும் வழியில், பயண முகவர் ஒருவருடைய கடைக் கண்ணாடியில் சீனச் சுற்றுலா விளம்பரம் ஒன்றைக் கண்டார். தனியாகப் போகிறவருக்கு விசா கிடைப்பது கடினம், குழுவோடு போனால் அவர்களே எடுத்துத் தருவார்கள். அப்பாவின் பாஸ்போர்ட் அப்போது ஏதோ ஓர் அலுவலகத்தில் கிடந்தது. அதனால் அம்மாதான் போக வேண்டும் என்று முடிவானது.

"பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. டொச் கதைக்க ஆள் வேணுமெல்லோ" என்றார் அப்பா.

ஜெர்மன் மொழியைத்தான் நாங்கள் டொச் என்போம். எங்கள் வீட்டில் அது என் வேலை. வைத்தியரிடம், நகர அலுவலகத்தில், வீட்டுக்காரரிடம், எங்கும் நான்தான் பெற்றோருக்காக வாய் திறக்க வேண்டும். நானோ வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டாலே காது சிவந்துபோகிற பிள்ளை. அம்மாவின் மாதவிடாய்ப் பிரச்சினையை ஒரு வைத்தியருக்கு மொழிபெயர்த்த நாளை நினைத்தால், நாற்பது கடந்த இந்த வயதிலும் எனக்கு வியர்க்கிறது.

குழுவில் எல்லோருக்கும் நாங்கள் ஓர் அதிசயம். வெள்ளைத் தலைகளுக்கு நடுவே நெற்றியில் பொட்டோடு ஓர் இளம் தாய், வாழ்க்கையில் முதல் தடவையாக நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு அடிக்கடி இடுப்பில் இழுத்துவிட்டபடி. மஞ்சள் கொடி பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கும் குழுத் தலைவி எங்களை இரண்டு தரம் எண்ணுவார். எனக்குச் சாக்லேட் குவிந்தது. ஒரு மாமாவைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு, அதோடு சாக்லேட். இதைவிட நல்ல விடுமுறையை நான் கேள்விப்பட்டிருக்கவில்லை.

குவாங்சோவில் எங்களை இறக்கிய ஹோட்டல், எங்கள் துன் ஹோட்டலை மடித்து அதன் வரவேற்பு மண்டபத்துக்குள் வைக்கலாம் என்கிற அளவு பெரியது. விருந்தாளியாக ஹோட்டலில் தங்குவது அம்மாவுக்கு அதுதான் முதல் தடவை. காலையில் எழுந்ததும் இரண்டு கட்டிலையும் அவரே விரித்தார், விரிப்பின் மூலைகளை மடித்துச் செருகினார், குளியலறையைத் துடைத்தார். துப்புரவு வண்டில் தள்ளிக்கொண்டு வந்த சீனப் பெண், கட்டிலைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தாள். பிறகு குனிந்து அந்த மூலை மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள். அம்மா தன் நெஞ்சில் கையை வைத்து, பிறகு அவளுடைய வண்டிலைத் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று குழு ஒரு கோயிலுக்கும் பூங்காவுக்கும் போவதாக இருந்தது. பின்னேரம் ஆறு மணிக்கு எல்லோரும் பஸ்ஸில் ரயில் நிலையத்துக்குப் போய் அடுத்த நகரத்துக்குப் புறப்பட வேண்டும். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு பகல் மட்டும்.

"எனக்கு வயித்துக்குத்து எண்டு சொல்லு" என்றார் அம்மா.

நான் டொச்சில் சொன்ன முதல் பொய் அது. காது சிவந்தது. அதை என் கவலை என்று நினைத்த குழுத் தலைவி, என் தலையைத் தடவி, வயிற்றுக்கு நல்லதென்று கரி மாத்திரைகள் தந்துவிட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு போனார்.

வெள்ளைத் தலைகள் மறைந்ததும் அம்மா அந்தப் பெண்ணைத் தேடிப்போனார். கையை மீன்போல வளைத்து நீந்தவிட்டார், இரண்டாகப் பிளந்தார், உப்புத் தூவினார், வெயிலில் பரப்பினார், கடைசியில் மூக்கைப் பொத்தினார். அந்தப் பெண் வண்டிலைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அழுக்குத் துணிகள் இறங்கும் படிக்கட்டால் எங்களைக் கூட்டிக்கொண்டு போய், நீராவி புகைந்த சலவை அறையைக் கடந்து, ஒரு இரும்புக் கதவைத் தள்ளித் திறந்து, ஆறு இருக்கும் பக்கமாகக் கையை நீட்டினாள்.

அந்தக் கதவுக்கு வெளியேதான் நகரம் இருந்தது.

எத்தனை சைக்கிள்கள்! தெருவே உருண்டு போவதுபோல இருந்தது. தலைக்கு மேலே மூங்கில் கழிகளில் உடுப்புகள் தொங்கிச் சொட்டின. வீடுகளெல்லாம் கீழே கால் ஊன்றி நிற்க, அவற்றின் வயிற்றுக்கடியால் நடைபாதை நீண்டுகொண்டே போனது. ஒரு தெரு முழுவதும் பொத்தான்கள், வேறு ஒன்றுமில்லை. மூட்டை மூட்டையாகப் பொத்தான்கள். அடுத்த தெருவில் கயிறும் வலையும் மட்டும். ஒரு ஆலமரத்தடியில் கண்ணாடியை மரத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டு ஒருவர் சவரம் செய்துகொண்டிருந்தார். தவளைகள் ஒரு வலைக்குள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. துன்னில் ஞாயிற்றுக்கிழமை உரக்கச் சிரித்தால்கூட யன்னல் திறந்து பார்ப்பார்கள். இங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய சந்தோசம் ஒன்று இருந்தது. இங்கே யாரும் என்னைப் பார்த்து, "அம்மா என்ன சொல்கிறார்?" என்று கேட்கவில்லை. எனக்கும் ஒன்றும் தெரியாது, அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது. அம்மா யோசிக்காமல் எல்லோரிடமும் தமிழில் கதைத்தார்.

"அண்ணை, கருவாட்டுக் கடை எந்தப் பக்கம்?" மூக்கைப் பொத்திக் காட்டினார்.

தராசோடு குந்தியிருந்த மனிதர் சிகரெட்டை எடுத்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். அம்மா தலையாட்டி முழுவதையும் கேட்டார்.

"என்னம்மா சொல்லுறார்?"

"நேர போய் இடக்கைப் பக்கமாம்."

"உங்களுக்கு எப்பிடி விளங்கினது?"

"கையை நீட்டினவர் எல்லோ. கைக்கு என்ன டொச்சோ, சீனமோ? ஓடி வா, கெதியா."

அம்மா இவ்வளவு வேகமாக நடப்பார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். துன்னில் அவர் சுவரோரமாக, யாருக்கோ வழிவிடுவதுபோல நடப்பவர். இங்கே சைக்கிள்களுக்கு நடுவே கையைக் காட்டிவிட்டு இறங்கினார், சைக்கிள்கள் விலகின. இரண்டு தரம் வழி பிழைத்தோம். பிழைத்த ஒவ்வொரு தெருவிலும் எனக்குப் புதிதாக ஏதாவது பார்க்கக் கிடைத்ததால் இன்னும் பிழைக்காதா என்றிருந்தது.

பிறகு ஒரு சந்தியில் அம்மா சட்டென்று நின்றார். முகத்தைத் தூக்கினார்.

"வருது" என்றார்.

துன்னில் ஒரு தடவை அவர் கருவாடு பொரித்தபோது, கழிவுநீர்க் குழாய் உடைந்துவிட்டதென்று கட்டடக் காவலாளி கருவிப்பெட்டியோடு மேலே வந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கருவாடு இல்லை. இப்போது ஒரு தெரு முழுக்கக் கருவாடு. சாக்குச் சாக்காக இறால், தகடு தகடாகக் கணவாய், என்னைவிட உயரமான மீன்கள் வாய் பிளந்து தொங்கின. தம்பியைத் தேடி வந்தவர் ஒரு கை இறாலை அள்ளி மணந்து, "எங்கட இறால் இன்னும் சிவப்பு" என்று கடைக்காரிக்குச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

ஆனால் அந்தத் தெருவில் எத்தனை வீடுகள், எத்தனை யன்னல்கள். அம்மாவின் நடை தளர்ந்தது. மேலே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. கண்டுபிடித்தது நான்தான். நீலச் சட்டைகளும் சாம்பல் சட்டைகளும் தொங்கிய கழிகளுக்கு நடுவே, ஒரு மூன்றாம் மாடியில், சிவப்புக் கட்டம் போட்ட சாரம் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் அப்பா இடுப்பில் சுற்றி உடுப்பது போலவே ஒன்று.

"அம்மா, சாரம்!"

அம்மா படிகளில் ஏறியதை நான் பார்க்கவில்லை. நான் பார்க்கும்போது அவர் மேலே இருந்தார்.

கதவைத் திறந்த மாமா, படத்தில் இருந்த மாமாவின் பாதியாக இருந்தார். பத்தொன்பது வயது. கண்ணெல்லாம் மஞ்சள். வாய் திறந்தபடி நின்றார். அம்மா அழவில்லை.

"என்னடா கோலம் இது? தலைமயிர் வெட்டேல்லையோ? ஒளிச்சிருக்கச் சொன்னால் சாரத்தைக் கொடி மாதிரி ஏத்தி வைச்சிருக்கிறாய்!"

"வேற உடுப்பில்லை அக்கா" என்றார் மாமா. பிறகு சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து நடந்ததெல்லாம் எனக்கு ஒரு விருந்துபோலத்தான் ஞாபகம் இருக்கிறது. அம்மா மாமாவைத் தூக்கி ஓரமாக இருத்தி, கட்டிலை உதறி விரித்து, மூலைகளை மடித்துச் செருகினார். கொண்டுவந்த மருந்துகளையும் உடுப்புகளையும் காசையும் தலைமாட்டில் அடுக்கினார். கீழ்க் கடையின் கிழவி கிண்ணத்தில் கஞ்சியோடு வந்தார். இத்தனை நாளும் மாமாவுக்குக் கஞ்சி கொடுத்தது அவர்தான். அவரும் அம்மாவும், அவரவர் மொழியில், மாமா சாப்பிடுவது போதாது என்று ஒருவருக்கொருவர் முறையிட்டார்கள். நான் மாமாவுக்குத் துன் நகரத்து வணக்கம் சொல்லிக்கொடுத்தேன்.

"க்ருயெஸ்ஸெக் மாமா, க்ருயெஸ்ஸெக்."

"இது வணக்கமோ, தொண்டைச் சளியோ?" என்றார் மாமா. சொல்லிப் பார்த்தார், இருமினார், திரும்பச் சொன்னார். அந்த வணக்கம் அவருக்குப் பயன்படவில்லை. காய்ச்சல் மாறி, அந்தக் கிழவியின் கடையில் இறால் தரம் பிரித்து, ஒரு வருடம் கழித்து வேறு வழியால் கனடாவுக்குப் போய்விட்டார். இன்றும் தொலைபேசியில் என்னிடம் அந்த வணக்கத்தைச் சொல்லித்தான் கதையைத் தொடங்குவார்.

ஆனால் அந்தப் பின்னேரம் அவர் பிழைப்பார் என்று யாருக்கும் தெரியாது. வெயில் சாய்ந்து சாரத்தின் கட்டங்கள் மங்கத் தொடங்கின. பஸ்ஸை நினைத்து நான் இரண்டு தரம் அம்மாவின் சட்டையை இழுத்தேன். அவர் கட்டில் ஓரத்தில் மாமாவின் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டபடி இருந்தார். எழும்பவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, ஹோட்டலுக்குத் திரும்பிப் போற வழி உனக்குத் தெரியுமோ?"

"ஓம்!" என்றேன். பரீட்சையில் எனக்குத் தெரிந்த கேள்வியே வந்துவிட்டதுபோல இருந்தது. "இந்தத் தெரு முடிய வலக்கைப் பக்கம், பிறகு கயிற்றுக் கடை, பொத்தான் கடை, ஆலமரம், இரும்புக் கதவு!"

"தனியப் போய், அந்தக் கொடி பிடிக்கிற அம்மாவோட பஸ்ஸில ஏறி இருப்பியோ? வடிவாக் கதைப்பாய்தானே அவவோட."

மாமா தலையைத் தூக்கினார். அதுவரை இருந்த சிரிப்பு முகத்தில் இல்லை.

"அக்கா, உங்களுக்கு விசரோ?"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. இப்போதுதான் அறிமுகமான ஒரு மாமா, என் ஞாபக சக்தியைச் சந்தேகிப்பதா? "எனக்குத் தெரியும் மாமா! நான் தனியப் போவன்!" என்று நிலத்தில் காலால் உதைத்துச் சொன்னேன்.

அம்மா என்னைப் பார்த்தார். என் சப்பாத்திலிருந்து தலைவரைக்கும், இதற்கு முன் காணாத ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மாமாவின் காலை மெதுவாக மடியிலிருந்து இறக்கிவைத்தார். எழும்பினார். கிழவியின் இரண்டு கையையும் பிடித்துத் தமிழில் என்னவோ சொன்னார். கதவடியில் நின்று மாமாவிடம், "தலைமயிரை வெட்டு" என்று மட்டும் சொன்னார்.

நான் முன்னால் ஓடினேன். ஒரு திருப்பத்திலும் பிழைக்கவில்லை. கயிறு, பொத்தான், ஆலமரம். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்டிக்கொண்டு ஓடினேன். சரியாக வழி காட்டும்போது பின்னால் அம்மா ஏன் பாராட்டவில்லை என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பஸ் புறப்படத் தயாராக இரைந்துகொண்டிருந்தது. குழுத் தலைவி எங்களை இரண்டு தரம் எண்ணிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து, வயிறு இன்னும் வலிக்கிறதா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஓம் எண்டு சொல்லு" என்றார் அம்மா.

இந்த முறை என் காது சிவக்கவில்லை. அவ்வளவு சந்தோசத்தில் இருந்தேன். பஸ்ஸில் யன்னல் பக்கம் உட்கார்ந்து, இருட்டத் தொடங்கிய அந்தப் பெரிய நகரத்தில் நாங்கள் நடந்த தெருக்களைத் தேடினேன். அம்மா என் கையைப் பிடித்திருந்தார். நோகும்படி இறுக்கிப் பிடித்திருந்தார். நான் வழி தவறிவிடுவேன் என்று அவர் இன்னும் பயப்படுகிறார் என்று நினைத்தேன். பஸ்ஸுக்குள் இருந்துகொண்டு ஒருவர் எப்படி வழி தவற முடியும் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.