விமானம் ஏறாத முந்திரி

பேச்சுப்போட்டிகளில் நான் வென்ற கோப்பைகள் எங்கள் ஆண்டிமடம் வீட்டு அலமாரியை நிறைத்திருக்கின்றன. என் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்றே நம்பியிருந்தேன்.

இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் அப்பா துபாய்க்குத் திரும்பும் நாள். அம்மாவும் நானும் திருச்சி விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றோம். உள்ளிருந்து அப்பா என் கைபேசிக்கு அழைத்தார்.

"கைப்பை எடை கூடிடுச்சாம்மா. தனியாப் பணம் கட்டணுமாம். எங்கிட்ட ஏது?"

"போனை அவங்ககிட்ட குடுங்கப்பா, நான் பேசுறேன்."

மனிதநேயம், நீதி, உழைப்பாளியின் வியர்வை என மேடையில் வென்ற சொற்களையெல்லாம் அடுக்கினேன். பொறுமையாகக் கேட்ட விமான நிறுவனப் பெண், "நல்லாப் பேசுறீங்க மேடம். ஆனா பணம் கட்டணும், இல்ல பொருளை எடுக்கணும்" என்றார்.

சற்று நேரத்தில் அப்பா கதவருகே வந்து முந்திரிப் பொட்டலத்தை நீட்டினார். அவருக்காக அம்மா தானே வறுத்து உடைத்தது. கொட்டை ஓட்டின் காரமான எண்ணெய் பட்டு அம்மாவின் விரல்கள் வெந்து கருத்திருந்தன.

"அடுத்த தடவ எடுத்துட்டுப் போறேன், விடு" என்று சிரிக்க முயன்றார் அப்பா. அம்மா விரல்களைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார்.

திரும்பும் பேருந்தில் அந்தப் பொட்டலம் அம்மாவின் மடியில் கட்டணமின்றி வந்தது. "நீயாவது தின்னு" என்று பிரித்து நீட்டினார்.

அந்த விரல்களிலிருந்து ஒரு பருப்பை எடுத்துக்கொண்டேன். இன்றும் கைதட்டல் எழும்போதெல்லாம் அந்தக் கருத்த விரல்களே கண்முன் வருகின்றன.