சிரில் எழுப்பிவிடும் கிராலர்

காலை ஐந்தே முக்காலுக்குக் கண் விழித்ததும் சிரிலின் கை முதலில் போவது செல்போனுக்குத்தான். ஜெபமெல்லாம் அதற்குப் பிறகு. இரவு கிராலர் ஓடியதா, விழுந்துவிட்டதா என்று பார்ப்பார். பெரும்பாலும் விழுந்திருக்கும். வானவடியில் தன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே நாலு வரி தட்டி அதை எழுப்பிவிட்டு, அப்புறம்தான் சிலுவை போட்டுக்கொள்வார்.

கிராலர் என்பது ஒரு புரோகிராம். ஊரின் இன்னொரு பக்கம், ஏரவாடாவில் ஒரு மாடி அலுவலகத்தில் அது ஓடுகிறது. ஒவ்வொரு நகராட்சி இணையதளமாகப் போய், அங்கே கண்ணில் படும் லிங்க் அத்தனையையும் அழுத்தி, புது டெண்டர் ஏதாவது வந்திருக்கிறதா என்று பொறுக்கிக்கொண்டு வருவது அதன் வேலை. ரோடு போடுகிறவர், சாக்கடை தோண்டுகிறவர், பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு செய்து கொடுக்கிறவர் எல்லோரும் ஒன்பது மணிக்கு அந்தப் பட்டியலுக்காகக் காத்திருப்பார்கள். போன இடத்துக்கே மறுபடி போகாமல் இருக்க, போன இடத்தையெல்லாம் அது மெமரியில் வைத்துக்கொள்ளும். மெமரி நிறைந்துவிட்டால் பொத்தென்று விழுந்துவிடும்.

சிரிலுக்கு ஐம்பத்து நாலு வயது. அப்பா ராணுவ ஸ்டோரில் கிளார்க்காக வந்து கன்டோன்மென்ட் பக்கமே தங்கிவிட்டவர். சிரில் டைப்பிங்கில் தொடங்கி, டேட்டா என்ட்ரிக்குப் போய், யாரும் கூப்பிடாமலே கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தவர். எல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு, பயமும் உண்டு. ஓடுகிற எதையும் பிரித்துப் பார்க்கமாட்டார்.

கிராலர் எவ்வளவு மெமரி எடுத்துக்கொள்ளலாம் என்பதை அது கிளம்பும்போதே சொல்லிவிட வேண்டும். அதற்கென்று ஒரு ஃபைல், அதில் ஒரு எண். நாலு வருஷத்துக்கு முன் அது இரண்டு ஜிபி. விழுந்தது. சிரில் நாலாக்கினார். அரை நாள் கூடுதலாக ஓடிவிட்டு விழுந்தது. எட்டாக்கினார், பன்னிரண்டாக்கினார். அந்த மிஷினில் மொத்தம் இருப்பதே பதினாறு. அதில் பதினைந்தைத் தூக்கிக் கிராலருக்கே கொடுத்தார். விருந்தாளிக்குப் பானையோடு எடுத்துவைத்துவிட்டு வீட்டுக்காரர்கள் பட்டினி கிடப்பது போல. அதற்குப் பிறகு மிஷினே மூச்சு முட்டித் திணறி, சில ராத்திரிகளில் தானே கிராலரைப் பிடித்து வெளியே தள்ளியது.

முதலாளி ராகவேந்திராவுக்கு இதெல்லாம் தெரியாது. சிரில் விடியற்காலையில் எழுப்பிவிடுகிறார், பட்டியல் ஒன்பதுக்குப் போய்விடுகிறது, அது போதும் அவருக்கு. தசராவுக்கு அலுவலகத்தில் எல்லா மிஷினுக்கும் சாமந்தி மாலை போடுவார்கள். கிராலர் ஓடும் பெட்டிக்கு மட்டும் இரண்டு மாலை. ஒன்று மிஷினுக்கு, ஒன்று சிரிலுக்கு என்று ராகவேந்திரா சொல்ல எல்லோரும் கைதட்டுவார்கள். சிரில் வெட்கப்படுவார். வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் மனைவியிடம் சொல்வார், வருஷா வருஷம்.

மனைவி டோரீன் தூத்துக்குடிக்காரி, நர்சரி பள்ளி டீச்சர். அவள் கணக்கில் கிராலரின் கதை வேறு. இரண்டு வருஷத்துக்கு முன், மார்ச் கடைசியில், அவளுடைய அக்கா ரெனிட்டா தூத்துக்குடியில் இறந்துபோனாள். மார்ச் கடைசி என்றால் டெண்டர்கள் வந்து கொட்டும் வாரம். "நான் வந்தா அது படுத்துரும் டோரீன்" என்று சொல்லி, சிரில் அவளைத் தனியாக ரயிலேற்றி அனுப்பினார். சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று டோரீன் ஒரு நேர்ச்சை செய்தாள். அக்கா போக ஆசைப்பட்டுப் போகாமலே விட்ட வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு, அக்கா பேரைச் சொல்லித் தானும் கணவனும் சேர்ந்து போய்வருவதாக. அதற்குப் பிறகு வந்த இரண்டு செப்டம்பரிலும் டிக்கெட் எடுத்தார்கள். இரண்டு தடவையும் கேன்சல் செய்தார்கள். காரணம் ஒன்றேதான்.

இந்த வருஷம் ஆகஸ்ட் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டோரீன் மூன்றாவது தடவை எடுத்த டிக்கெட்டை மேசைமேல் வைத்தாள்.

"இந்த தடவயும் நீங்க வரலன்னா நானும் போகமாட்டேன். நேர்ச்சை அப்படியே கெடக்கட்டும். நீங்களே மாதாகிட்ட பதில் சொல்லிக்கிடுங்க."

"அஞ்சு நாள், டோரீன். வழியில சிக்னலே இருக்காது. யார் எழுப்புவா அத?"

"அப்படி என்னத்தத்தான் ஞாபகம் வச்சுக்கிடுது அது, பதினஞ்சு ஜிபிக்கு?"

நாலு வருஷத்தில் சிரில் அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எவ்வளவு வேண்டும் என்று மட்டுமே கேட்டு, கேட்டதைக் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

மறுநாள் அலுவலகத்தில், கிராலர் போய்வந்த இடங்களின் பட்டியலைத் திறந்தார். மேலே இருந்தவை சரியாக இருந்தன. கீழே போகப் போக ஒரே நகராட்சியின் பெயர். ஏதோ ஒரு சின்ன ஊர். அவர்கள் இணையதளத்தில் ஒரு காலண்டர் இருந்தது. அதன் ஓரத்தில் 'அடுத்த மாதம்' என்று ஓர் அம்பு. கண்ணில் பட்ட லிங்க்கையெல்லாம் அழுத்து என்று சொல்லி வைத்த கிராலர், அதையும் அழுத்தியிருக்கிறது. அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம், ஒவ்வொரு மாதத்திலும் ஒவ்வொரு தேதி. கடைசி வரியில் 3164ஆம் வருஷம் ஜூலை பதினொன்றாம் தேதி. அன்றைக்கு அந்த நகராட்சியில் டெண்டர் எதுவும் இல்லை. இல்லை என்பதையும் ஒரு நாள் விடாமல் கிராலர் ஞாபகம் வைத்திருந்தது.

சிரில் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

காலண்டர் பக்கங்களைத் தொடாதே என்று ஒரு வரி சேர்த்தார். ஒரு தளத்துக்குள் ஆறு படிக்குமேல் இறங்காதே என்று இன்னொரு வரி. மெமரி எண்ணைப் பதினைந்திலிருந்து நாலுக்கு இறக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. இறக்கினார். நடுவில் அரை கிளாஸ் கட்டிங் சாய் ஒன்று குடித்தார். மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குப் போனைப் பார்த்தால் கிராலர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த நாளும். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, ராகவேந்திராவிடம் லீவு கேட்டார். அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் சரி என்றார்.

வேளாங்கண்ணியில் இரண்டாம் நாள் சாயங்காலம், மணல் பாதையில் முழங்காலால் நடந்து முடித்து, டோரீன் ஓரமாக உட்கார்ந்து காலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். சிரில் மறுபடி போனை எடுத்தார்.

"விழுந்துட்டா?"

"இல்ல. நல்லா ஓடுது." சிரிலின் முகத்தில் சந்தோஷம் இல்லை. "ஆபீஸ்லேருந்து ஒரு ஃபோன்கூட இல்ல, பாரு. ஒருத்தரும் கேக்கல."

"அதுக்குத்தான வந்தோம்?"

சிரில் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு மனசு தாங்கவில்லை என்பது டோரீனுக்குத் தெரிந்தது. தசராவின் இரண்டாவது மாலை, விழுந்ததை விடியற்காலையில் எழுப்பிவிடுகிறவருக்குத்தான் என்பதும் அவளுக்கு எப்போதோ தெரிந்துதான் இருந்தது.

"அந்தக் காலண்டர் சமாச்சாரம் இருக்குல்ல, அத சரி பண்ண உங்களுக்கு எத்தன நாளாச்சு?"

ஒரு வாரம் என்று சொல்லியிருக்கலாம். சிரிலுக்குப் பொய் சொல்ல வராது.

"முக்கால் மணி நேரம். சாய் குடிச்சதையும் சேத்து."

டோரீன் கத்தவில்லை. கத்தியிருந்தால் சிரிலுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் பையைத் திறந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து நீட்டினாள்.

"இது அக்காவுக்கு. நீங்களே கொளுத்துங்க. அன்னைக்கு அடக்கத்துக்குத்தான் வரல."

சிரில் வாங்கிக்கொண்டார். தீக்குச்சியை உரச இரண்டு கையும் வேண்டியிருந்தது. போனை அணைத்து டோரீனின் பைக்குள் போட்டார். "என்ன மன்னிச்சுரு ரெனிட்டா" என்று பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டு, திரியைப் பற்றவைத்தார்.