நரித்திட்டில் நின்ற படகு

போன வாரம் எங்கள் அடுக்ககத்தில் சம்ப்பை, தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியை, கழுவினார்கள். மூடியைத் திறந்ததும் அடியில் கிடந்த பழைய சேற்றின் வாடை மாடி மாடியாக ஏறி வந்தது. எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்தி ஊதுபத்தி கொளுத்திவிட்டார்கள். நான் மட்டும் கீழே இறங்கிப்போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாட்ச்மேன் ஒரு மாதிரியாகப் பார்த்து, "உள்ள போங்க மேடம், வாடை கொடலைப் புடுங்குது" என்றார். இத்தனை வருஷம் ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்தவளுக்கு மூக்கு என்று ஒன்று மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். அது ஒரு வாடையைக் கண்டுபிடித்துவிட்டால் சும்மா விட முடியுமா? அது முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேற்றின் வாடை. கொஞ்சம் அழுகல், கொஞ்சம் உப்பு, கொஞ்சம் மீன்.

அங்கே நான் போனது ஒரே ஒரு தடவைதான். தொண்ணூறுகளின் நடுவில், எந்தக் கடைத்தெருவில் நின்றாலும் எஸ்.டி.டி. பூத்தின் மஞ்சள் போர்டு கண்ணில் பட்ட காலம். திருவிடைமருதூர்ப் பக்கம் எங்கள் ஊரிலும் தெருவுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தார். அவர்கள் லீவில் வந்தால் செண்ட் வாசனை அவர்களுக்கு முன்னால் தெருவுக்குள் நுழையும். நான் நர்ஸிங் முடித்துக் கும்பகோணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மெட்ராஸில் இன்டர்வியூவுக்குப் போனேன், குவைத்துக்கு எடுத்துவிட்டார்கள். வீட்டில் என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அல்வாவும் கையுமாக வந்து இறங்கினேன். அப்பா விஷயத்தைக் கேட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அல்வாவை நானும் அம்மாவுமாகத் தின்று தீர்த்தோம்.

அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. அதாவது, அம்மா வழியாகப் பேசுவார். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்போம். "அவளுக்குக் கொழம்பு வேணுமான்னு கேளு" என்பார். "வேணாம்னு சொல்லும்மா" என்பேன். நடுவில் அம்மா கரண்டியோடு நின்று இரண்டு பேரையும் திட்டுவாள். கிறிஸ்துமஸ்கூட இப்படியே போயிற்று.

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். ஊரைவிட்டு ஒரு நாள் வெளியே போவதென்றாலும் பண்ணை வீட்டுக் கொல்லைப்புறம் நின்று உத்தரவு கேட்க வேண்டும். ஒரு வருஷம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, உத்தரவு கிடைக்காமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாராம். புதுச்சட்டை போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்த பிள்ளைகளில் அப்பாவும் ஒருவர். பிற்பாடு அப்பா பாடுபட்டுக் கொஞ்சம் நிலம் வாங்கி, சொந்த வரப்பில் நின்று சொந்த வாயால் அதட்டிப் பேசக் கற்றுக்கொண்டார். அவர் காதில் யாரோ போட்டுவிட்டார்கள், குவைத்தில் போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களென்று. "பொட்டியில வச்சுப் பூட்டிருவானாம். அப்புறம் இவ நெனச்ச நேரத்துக்கு வர முடியுமா? இதுக்குப் பேரு பண்ணை இல்லாம வேற என்னான்னு கேளு" என்றார் அம்மாவிடம். அம்மா என்னைப் பார்த்தாள். அவர் சம்மதம் இல்லாமல் போகவும் மனசு வரவில்லை.

இந்த இடத்தில்தான் ஆரோக்கியம் மாமா வருகிறார். அம்மாவின் தம்பி, முத்துப்பேட்டையில் சரித்திர வாத்தியார். வாயைத் திறந்தால் சோழர் காலத்துக்கு இந்தப் பக்கம் இறங்கமாட்டார். காணும் பொங்கலுக்கு எல்லோரும் வாருங்கள், படகில் ஒரு திட்டுக்குக் கூட்டிப்போகிறேன், காற்றுப் பட்டால் அத்தான் மனசு இளகிவிடும் என்று அக்காவுக்குத் தனியாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா புளிச்சாதம் கிளறி, முட்டை அவித்து, உருளைக்கிழங்கு வறுத்து, தூக்குவாளியில் அடைத்துக்கொண்டாள். மன்னார்குடியில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

படகுக்காரர் பெயர் செல்லையன். வாயில் பீடி, கையில் நீளமான கோல். ஆற்றின் இரண்டு கரையிலும் அலையாத்தி மரங்கள் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தன. சேற்றிலிருந்து அவற்றின் மூச்சுவேர்கள் ஆணி ஆணியாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு வகை மீன், மீன் என்கிற நினைப்பே இல்லாமல், சேற்றின்மேல் தத்தித் தத்திப் போயிற்று. அப்பா கையை விட்டுத் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு நாத்தங்காலுக்கு ஒதவாது" என்று வருத்தப்பட்டார்.

ஆறு முடிந்து காயல் விரிந்தது. தூரத்தில் வெள்ளையும் ரோஜா நிறமுமாக ஒரு கோடு. கிட்டே போனால் அத்தனையும் பூநாரைகள், தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. மாமா இதற்காகத்தான் காத்திருந்தார்.

"பாத்தீங்களா அத்தான்! எங்கேயோ இருந்து பறந்து வருதுங்க. குளிர்காலம் முச்சூடும் இருந்துட்டுத் திரும்பிப் போயிடுதுங்க. யாராச்சும் தடுக்குறாங்களா?"

அப்பா பறவைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அதுங்க றெக்கையை எவனும் கழட்டிப் பொட்டியில வச்சுப் பூட்டலையே மச்சான்" என்றார். மாமா செல்லையன் பக்கம் திரும்பி, திட்டு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

நரித்திட்டு சின்னத் திட்டுதான். கரையில் சேறு, ஏறினால் மணல், நடுவில் முள்ளும் புதரும். அங்கே இருந்த அமைதியில், கோயிலுக்குள் பேசுகிற மாதிரி அம்மா தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நரி இருக்குமா, பெயர் மட்டும்தானா என்று நான் கேட்டு வாய் மூடவில்லை, புதரோரம் ஒன்று நண்டைக் கடித்துக்கொண்டு நின்றது. எங்களை நிமிர்ந்து பார்த்தது. அழைக்காமல் வந்த விருந்தாளிகளைப் பார்க்கிற பார்வை. நண்டை முடித்துவிட்டுத்தான் நகர்ந்தது.

மாமாவின் பொக்கிஷம் திட்டின் மறுபக்கம் இருந்தது. சுட்ட மண் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டிய ஒரு பழைய உறைகிணறு, பாதிக்குமேல் மணல் மூடியிருந்தது. சுற்றிலும் பெரிய பெரிய செங்கற்கள், பானை ஓடுகள். கப்பல்கள் வந்து போன காலம், பெரிய கோயில் கட்டிய சோழர்களுக்கும் ஆயிரம் வருஷம் முந்தி என்று மாமா இரண்டு கையையும் விரித்து ஆரம்பித்தார். அம்மாவுக்கு ஒரே கவலைதான். "கெணத்துக்கு மூடி போடாம விட்டிருக்காங்களேடா, புள்ளைங்க உளுந்துராதா?" இரண்டாயிரம் வருஷத்துப் பிள்ளைகளைப் பற்றி.

அப்பா உடைந்த செங்கல் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். "நெல்லு உமி மச்சான். மண்ணோட கலந்து சுட்டிருக்கான் பாரு." செங்கல் உடைந்த இடத்தில் உமியின் அச்சு அப்படியே இருந்தது. வயலில் முதல் கதிரைப் பார்த்த சந்தோஷம் அவர் முகத்தில். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"இதையெல்லாம் அறுத்து அடுக்குனானே, அவன் தானா வந்தானா, புடிச்சுக்கிட்டு வந்தானுங்களா?"

மாமா விரித்த கையை இறக்கினார். "அது... புஸ்தகத்துல இல்லைங்க அத்தான்."

அப்பா கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

சாப்பிட்டுவிட்டு, புதர் நிழலில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, திரும்பிப் போகலாமென்று கரைக்கு வந்தால் படகு சேற்றின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. காலையில் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடத்தில் நண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. செல்லையன் படகு விளிம்பில் உட்கார்ந்து புதுப் பீடி பற்றவைத்தார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"தண்ணியை எவன் நிறுத்துனது?"

"யாரும் நிறுத்தலைங்க. வத்தம்ங்க."

"வத்தட்டும்யா. இந்தப் பக்கத்துக்கு லஸ்கர் யாரு? ஆளனுப்பி ஷட்டரைத் தூக்கச் சொல்லு!"

வத்தம் என்று செல்லையன் சொன்னது கடல் உள்வாங்கித் தண்ணீர் இறங்குகிற நேரத்தை. எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்பது யாரோ திறந்து யாரோ மூடுவது. மேட்டூரில் திறந்தால் வரும், மூடினால் நிற்கும். நடுவில் ஒவ்வொரு வாய்க்கால் மதகிலும் ஷட்டரைத் தூக்க இறக்க ஒரு லஸ்கர் இருப்பார். பயிர் காயும்போது அவரைத் தேடிப் போய், இளநீர் வெட்டிக் கொடுத்து, தணிந்த குரலில் பேசியே அப்பாவுக்குப் பாதி ஆயுசு கழிந்திருந்தது. செல்லையனுக்கு இது எதுவும் தெரியாது. பீடியை எடுத்துவிட்டு மெய்யாகவே யோசித்தார்.

"கடலுக்கு ஏதுங்க லஸ்கரு?"

முதலில் அம்மாதான் சிரித்தாள். மாமா சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தார். அப்பா முறைத்துப் பார்த்தார், முடியவில்லை, அவரும் சிரித்துவிட்டார். சிரித்த வாக்கில் மறந்துபோய் என்னைப் பார்த்துவிட்டார். பார்த்த பிறகு என்ன செய்வது? பார்வையைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

தண்ணீர் வரும்வரை வேறு வேலை இல்லை. சாய்ந்த படகில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். அம்மா ஜெபமாலையை எடுத்தாள். எங்கோ ஒரு நாரை கத்தியது. அப்பா என்னைப் பார்த்து, என்னைத்தான் பார்த்து, கேட்டார்:

"நெனச்சா வர முடியுமா?"

"அதெல்லாம் ஒரு போன் போட்டா அடுத்த பிளைட்டுல..." என்று மாமா பாய்ந்து வந்தார்.

"ஒன்னைக் கேக்கலை."

இந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ பொய்களை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். கும்பகோணம் பஸ்ஸில் உட்கார்ந்து, உதட்டை அசைத்துக்கூடச் சொல்லிப் பார்த்திருந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்திருப்பார். அன்றைக்கு ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"முடியாதுப்பா. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் லீவு. பாஸ்போர்ட்டை ஆபீஸ்லதான் வச்சுக்குவாங்க. நடுவுல ஒங்களுக்கே ஒண்ணுன்னாலும் அவங்க விட்டாத்தான் வர முடியும்."

"தெரிஞ்சும் போகணுங்கிறியா?"

"ஆமாப்பா."

எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். அம்மாவின் ஜெபமாலை நின்றுவிட்டது. மாமா, பாழாய்ப்போனவளே என்று கண்ணாலேயே திட்டினார். அப்பா சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாயும்போது தண்ணீர் வந்தது. சத்தமே இல்லாமல், வேர்களுக்கு நடுவில் ஊறி ஊறி. அப்பாவால் சும்மா உட்கார முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, செல்லையனோடு சேர்ந்து தள்ள ஆரம்பித்தார். படகு அசைந்து மிதந்தது. அந்த மூச்சிரைப்போடு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"ஸ்வெட்டர் ஒண்ணு வாங்கிக்க."

அம்மாவுக்குப் புரியவில்லை. "பாலைவனத்துல ஏதுங்க குளிரு?"

"விசாரிச்சேன். மார்கழி தையில அங்க நல்லாக் குளிருமாம்."

பேசாமல் இருந்த அந்த நாட்களில் எல்லாம் மனுஷர் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் படகில் உட்கார்ந்து சிறு பிள்ளைபோல் விசும்பி அழுதேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று இப்போதும் சொல்ல வரவில்லை.

போனேன். பாஸ்போர்ட்டை வாங்கித்தான் வைத்தார்கள். குளிரவும் செய்தது. லீவில் வந்தபோது அப்பா கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், நாடு மாறினேன். ஒவ்வொரு லீவிலும் கிளம்புகிற வாரம் வந்தால் அப்பா மறுபடி அம்மா வழியாகப் பேச ஆரம்பித்துவிடுவார். "அவ பொட்டிக்குக் கயிறு வேணுமான்னு கேளு." பெரிய நர்ஸம்மா என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் எழுந்து நிற்கிற வயதிலும் எனக்கு இது நடந்தது. அலுத்துக்கொள்வேன். உள்ளுக்குள் பிடித்திருந்தது.

நரித்திட்டு இப்போது பாதிதான் இருக்கிறதாம். பெரிய புயலில் கிணற்றுப் பக்கம் தண்ணீருக்குள் போய்விட்டது என்று மாமா போனில் சொன்னார், யாரோ சொந்தக்காரர் தவறிப்போன குரலில். கரையோரம் இறால் பண்ணைகள் வந்துவிட்டன. செல்லையன் இல்லை. லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிற மோட்டார் படகுகள் ஓடுகின்றன. அம்மா போய், அடுத்த வருஷமே அப்பாவும் போனார்.

வருகிற மாசம் அயர்லாந்துக்கு மகளிடம் போகிறேன், ஆறு மாசத்துக்கு. மகள் டிக்கெட் போட்டுவிட்டுத்தான் சொன்னாள். எதிர்வீட்டுப் பெண் "ஜாலியாப் போயிட்டு வாங்க ஆன்ட்டி" என்றாள். செடிகளுக்குத் தான் தண்ணீர் ஊற்றுவதாக வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். நான் ஊரைவிட்டுப் போகிறேன் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க எனக்கென்று ஓர் ஆள் இருந்தார். இப்போது எங்கே போனாலும் எல்லோரும் சிரித்த முகமாகத்தான் வழியனுப்புகிறார்கள்.